போர்ட் பிளேரின் பெயர்களும் பெயரில்லாத மொழியும்

2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேர் நகரம் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. காலனியச் சின்னங்களிலிருந்து நாட்டை விடுவிப்பதும் விடுதலைப் போரின் வெற்றியை நினைவுகூர்வதும் பெயர்மாற்றத்தின் நோக்கங்கள் என்று ஒன்றிய உள்துறை அமைச்சரின் அறிவிப்பு கூறியது. இத்தீவுகள் ஒருகாலத்தில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கின என்றும் அது சேர்த்துச் சொன்னது. அந்த ஒற்றை வாக்கியம் தமிழ்க் கல்வியுலகில் இருவகை எதிர்வினைகளை எழுப்பியது. ஒரு சாரார் சோழர் பெயர் தில்லியின் அறிவிப்பில் இடம்பெற்றதை எண்ணிப் பெருமிதம் கொண்டனர். மறுசாரார், ஸ்ரீவிஜயம் என்பது 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் இராசேந்திர சோழனால் தாக்கப்பட்ட பேரரசின் பெயர் ஆயிற்றே, சோழரை நினைவுகூர அவர்தம் பகையரசின் பெயரா என்று நகைத்தனர்.

நகைப்பில் நியாயம் உண்டு. ஆயினும் பெருமிதம் கொண்டோரும் நகைத்தோரும் ஒரே இடத்தில் நின்றே பேசினர். இருவர் பார்வையிலும் அந்நகரம் பதினோராம் நூற்றாண்டின் கடலில் மிதக்கும் ஒரு குறியீடு. இன்று அங்கு வாழும் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் எம்மொழியில் விலைபேசுகிறார்கள், எம்மொழியில் சண்டையிடுகிறார்கள், எம்மொழியில் குழந்தையைத் தாலாட்டுகிறார்கள் என்ற வினா இரு தரப்பிலும் எழவில்லை.

சான்றின் எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வது நன்று. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி குறிப்பது மாநக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரை. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள பத்துப் பாகைக் கால்வாய் கிடக்கிறது. இரு தீவுக்கூட்டங்களின் மக்களும் வேறு, மொழிக்குடும்பங்களும் வேறு. நிக்கோபாரிய மொழிகள் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தமானிய மொழிகளுக்கு அக்குடும்பத்தோடு உறவில்லை. நக்கவாரத்துக்குரிய சான்றைக் காட்டித் தென் அந்தமானின் துறைமுகத்துக்கு உரிமை கோருவது, இராமேசுவரத்துப் பத்திரத்தை நீட்டி நாகப்பட்டினத்து வீட்டுக்குப் பட்டா கேட்பது போன்றது. 1872இல் ஆங்கிலேயர் ஒன்றாகக் கட்டியாண்ட பிறகே இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் வழக்கம் வேரூன்றியது.

அப்படியானால் அத்துறைமுகத்தின் முதல் மொழி எது? அகா-பேயா. பேரந்தமானியர் எனப்படும் பத்துக் குழுக்களுள் தென் அந்தமானின் பெரும்பகுதியில், இன்றைய நகரம் எழுந்து நிற்கும் கரைகளில் வாழ்ந்தோரின் மொழி அது. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தம் தீவில் முதற் குடியேற்றத்தை அமைத்தபோது அவர் எதிர்கொண்ட மக்கள் இவர்களே. வடக்கே மாற்றப்பட்ட அக்குடியேற்றம் நோயினால் நலிந்து 1796இல் கைவிடப்பட்டது. 1857 எழுச்சிக்குப் பின்னர், 1858 மார்ச் 10 அன்று ஜே. பி. வாக்கர் இருநூறு கைதிகளுடன் வந்திறங்கியதிலிருந்து இரண்டாம் கதை தொடங்குகிறது.

அக்கதையின் தொடக்கத்திலேயே மொழியாய்வாளர் நின்று கவனிக்க வேண்டிய மனிதர் ஒருவர் இருக்கிறார். தூத்நாத் திவாரி என்னும் கைதி 1858இல் தப்பியோடிக் காட்டுக்குள் அந்தமானியரிடம் அகப்பட்டார். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு வாழ்ந்தார், மணமுடித்தார், அவர்கள் பேச்சைக் கற்றார். குடியேற்றத்தின் மீது அவர்கள் தாக்குதலுக்கு ஆயத்தமானபோது முன்னதாகவே திரும்பி வந்து அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டார். 1859 மே 17 அன்று நிகழ்ந்த அபர்டீன் போரில் வில்லும் அம்பும் துப்பாக்கிகளுக்கு முன் தோற்றன. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. இந்துஸ்தானியும் அந்தமானிய மொழியும் ஒருசேர அறிந்தவராகக் குடியேற்றத்தின் பதிவுகளில் முதலில் தெரிபவர் அவர். அந்த இருமொழிப் புலமையின் முதற் பயன்பாடு காட்டிக்கொடுத்தல். மொழித்தொடர்பு என்றதும் கடன்சொற்பட்டியலை மட்டுமே நினைக்கும் பாடநூல்கள் இத்தகைய தொடர்புக்கு எந்த அத்தியாயத்தில் இடம் தரும் என்று தெரியவில்லை.

1863இல் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ திறக்கப்பட்டது. பழக்கப்படுத்துவது அதன் நோக்கம், விளைவு தொற்று. 1876இல் கிரந்தி நோயின் பரவலை அதிகாரிகள் கண்டறிந்தனர், 1877இல் தட்டம்மை வந்தது. சில ஆயிரமாக மதிப்பிடப்பட்ட பேரந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேராகச் சுருங்கியிருந்தனர். அவர்களுள் அகா-பேயா குழுவினர் 37 பேர். 1911இல் 10. 1921இல் ஒருவர். 1931இல் எவருமில்லை.

இந்த எண்களின் நடுவே ஓர் அகராதி நிற்கிறது. எட்வர்ட் ஹொரேஸ் மான் என்னும் அதிகாரி பல்லாண்டுகளாகத் தொகுத்த தென் அந்தமான் மொழி அகராதி 1923இல் நூலாக வெளிவந்தது. கணக்கெடுப்பின்படி இரண்டாண்டுகளுக்கு முன் ஒரே ஒருவர் எஞ்சியிருந்த மொழிக்கு வந்த அகராதி. அதற்கும் முன்னதாக 1877இல், தட்டம்மை பரவிய அதே ஆண்டில், மானும் ரிச்சர்ட் டெம்பிளும் சேர்ந்து கிறித்தவர்களின் ஆண்டவர் செபத்தை அம்மொழியில் பெயர்த்து வெளியிட்டனர். அந்நகரத்தின் முதல் மொழிக்கு ஓர் இலக்கணக் குறிப்பு, ஓர் அகராதி, ஒரு செபம் ஆகியவை எஞ்சியுள்ளன. ஆவணப்படுத்தலை மொழிக்குச் செய்யும் மீட்புப்பணி என்று கருதிக்கொள்ளும் துறையினர், ஆவணப்படுத்தியவரும் அழிவுக்கு ஏதுவான நிருவாகத்தின் அலுவலரும் ஒருவரே என்னும் இச்செய்தியை எளிதில் தாண்டிச் செல்லக் கூடாது.

வடக்கத்திய குழுக்களிலிருந்து எஞ்சியோர் 1961இல் 19 பேர். பின்னர் அவர்கள் ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்விதா அப்பி 2005 முதல் நிகழ்த்திய கள ஆய்வின் பயனாக ஓர் அகராதியும் 2013இல் ஓர் இலக்கண நூலும் கிடைத்தன. உடலுறுப்புகளை ஏழு மண்டலங்களாகப் பகுத்து, அப்பகுப்பையே பெயர், வினை, பண்பு முதலிய சொல்வகைகளின் மீதெல்லாம் ஏற்றிச்செல்லும் அம்மொழியின் அமைப்பு உலக மொழிகளில் அரிதானது. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரி 26 அன்று மறைந்தார். சாரே மொழியின் கடைசிப் பேச்சாளரான லிச்சோ 2020 ஏப்ரலில் மறைந்தார். போவா சீனியர் தம் இறுதிக் காலத்தில் பிறரோடு உரையாடப் பயன்படுத்தியது எது? அந்தமானில் வழங்கும் இந்துஸ்தானி. நகரத்தின் இரண்டாம் மொழியைக் குறித்து இனிப் பேசலாம்.

அந்த இந்துஸ்தானி எங்கிருந்தும் அப்படியே கொண்டுவந்து இறக்கப்பட்ட மொழி அன்று. பஞ்சாபிலிருந்தும் அவத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் விலங்கிடப்பட்டு வந்தவர்கள், காவலரோடும் தங்களுக்குள்ளும் பேசிப் பேசி உருவாக்கியது அது. தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியைக் கழித்த கைதிகள் ‘தற்சார்பினர்’ என்னும் நிலைக்கு உயர்த்தப்பட்டு நிலம் பெற்றனர். பெண் கைதிகளை மணக்க அனுமதிக்கப்பட்டனர். சாதிவரம்பு தளர்ந்து, பல சமயங்களில் தாய்க்கு ஒரு மொழியும் தந்தைக்கு வேறொரு மொழியுமாக அமைந்த குடும்பங்களில் பிறந்த குழந்தைகளுக்கு, சிறைக்குடியேற்றத்தின் பொதுப்பேச்சே தாய்மொழி ஆயிற்று. அவர்கள் வழித்தோன்றல்கள் தம்மை ‘லோக்கல் பார்ன்’ என்று அழைத்துக்கொள்கின்றனர். சமூகமொழியியலில் இத்தகைய மொழிக்கு ‘கொய்னே’ என்று பெயர்: ஒன்றோடொன்று தொடர்புடைய பல வழக்குகள் கலந்து, கூர்முனைகள் மழுங்கி, ஒரு தலைமுறையில் நிலைபெறும் புதுவழக்கு. தில்லி இலக்கணம் கண்டிப்பாகக் கேட்கும் பால் இயைபு இங்கே நெகிழ்ந்திருக்கிறது. 1901 கணக்கெடுப்பை மேற்பார்த்த டெம்பிளின் காதுக்கு அது சிதைந்த உருதுவாகவே ஒலித்தது. விடுதலைக்குப் பிறகு அதைக் கேட்ட பள்ளி ஆசிரியர்களின் காதுக்குச் சிதைந்த இந்தியாகவே ஒலிக்கிறது. ஆட்சி மாறியது, காது மாறவில்லை.

இம்மொழியின் ஆற்றலை அறிய நகரத்தின் ஊர்ப்பெயர்களைக் கேட்டாலே போதும். புரோதராபூர் என்னும் பகுதியில் புரோதரோ என்ற ஆங்கில அதிகாரி இருக்கிறார். ஆனால் ஈற்றொலி திரிந்து, கைதிகளின் நாவுக்கு ஏற்ப அரைபட்டு, ‘பூர்’ என்னும் இந்துஸ்தானி ஒட்டைச் சுமந்து நிற்கிறார். ஃபெரார்கஞ்சில் ஃபெரார் என்ற தலைமை ஆணையரும், விம்பர்லிகஞ்சில் விம்பர்லியும் அவ்வாறே கடைத்தெருக்கள் ஆயினர். டெம்பிள்ம்யோவில் டெம்பிளின் பெயர் ‘நகரம்’ என்று பொருள்படும் ‘ம்யோ’ என்ற பர்மியச் சொல்லோடு புணர்ந்திருக்கிறது. ஓர் ஆங்கிலேயரின் பெயரைப் பர்மியக் கைதிகளின் சொல்லோடு சேர்த்து, இன்று வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் உச்சரிக்கின்றனர். சாதிப்பூர் என்பதில் ‘சாதி’ குலத்தைக் குறிப்பதன்று. திருமணத்தைக் குறிக்கும் ‘ஷாதி’. கைதிகளின் மணவாழ்க்கை நினைவாக அப்பெயர் வந்தது என்று ஊரார் சொல்வர். சாதியைத் தளரவிட்ட நகரத்தின் ஒரு பகுதி தமிழ் எழுத்தில் மட்டும் சாதிப்பூர் ஆகிவிடுவது ஒரு வேடிக்கை. 1921 மலபார் எழுச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிளைகள் தம் ஊர்களைப் பெயர்களாகவே கொண்டுவந்தனர்: காலிகட், மஞ்சேரி, வண்டூர், மண்ணார்காடு, திரூர், நிலம்பூர். ஜங்லிகாட் என்ற பெயரோ ‘காட்டுவாசிகளின் துறை’ என்று பொருள்படுகிறது. அந்தமானியரைக் குறிக்கும் நேரடி நினைவாக நகரவாசிகள் நாவில் நாள்தோறும் புழங்கும் சொல் அந்த இழிசொல்தான். அங்கே இன்று பெரும்பாலும் தெலுங்கு பேசும் மீனவர் வாழ்கின்றனர். கராச்சராமா, பிம்ப்ளிடான், மங்க்ளுடான் போன்ற பெயர்கள் இந்துஸ்தானிக்கும் ஆங்கிலத்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. மானின் அகராதியோடு வைத்து ஒப்பிட்டு ஆராய்வதற்கு அவை தக்கவை. ஒரு முனைவர் பட்டத்துக்குரிய வேலை அதில் இருக்கிறது.

பெயர்மாற்றம் பற்றிய விவாதம் இவ்விடத்தில்தான் தடம் புரள்கிறது. 2018 திசம்பரில் ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகள் முறையே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், சாகித், சுவராஜ் தீவுகளாயின. 2021இல் ஹாரியட் மலை மணிப்பூர் மலையாயிற்று. 1891 போரில் தோற்று அங்கு நாடுகடத்தப்பட்ட மணிப்பூரியரின் நினைவுக்கு அப்பெயர் பொருத்தமானதே. 2023 சனவரி 23 அன்று 21 தீவுகள் பரம்வீர் சக்கரா பெற்ற வீரர்களின் பெயர்களைப் பெற்றன. மேஜர் ஜெனரல் ஹேவ்லாக்கின் பெயர் நீங்கியதற்காக எவரும் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. ஆனால் புரோதராபூர் ஹேவ்லாக்கைப் போன்றதன்று. அது ஆள்வோர் சூட்டிய பெயர் ஆளப்பட்டோர் வாயில் அரைபட்டு உருவான சொல். அப்பெயர்களைக் காலனியத்தின் எச்சம் என்று துடைப்பவர், கைதிகளின் மொழிச் செயற்பாட்டையும் சேர்த்தே துடைக்கிறார். அதைவிட முதன்மையான குறை ஒன்றுண்டு. இத்தனை பெயர்மாற்றங்களில் ஒன்றுகூட அகா-பேயாவிலிருந்து எடுக்கப்படவில்லை. காலனியம் அழித்த மக்களின் மொழியில் அச்சிட்ட அகராதியே கைவசம் இருக்கிறது. காலனிய நீக்கம் என்ற பெயரில் நடந்த ஒரு பணியில் அதை எவரும் புரட்டியதாகத் தெரியவில்லை.

நகரத்தைப் பற்றி எழுதுவோர் தவறாமல் கையாளும் தொடர் ‘மினி இந்தியா’. சுற்றுலாக் கையேடுகளிலும் அமைச்சர்களின் உரைகளிலும் அது நிலைபெற்றுவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதியின் 3.8 இலட்சம் மக்களில் வங்காளி பேசுவோர் ஏறத்தாழ 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, நிக்கோபாரியமும் மலையாளமும் ஏழுக்குச் சற்று மேல். அபர்டீன் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் இவை அனைத்தும் காதில் விழும். ஒரு தெருவின் இரு முனைகளில் துர்க்கை பூசைப் பந்தலும் கிறித்துமசு நட்சத்திரமும் காணக் கிடைக்கும். இவை பொய்யல்ல. மதக்கலவரங்கள் நாட்டை உலுக்கிய காலங்களில் அந்நகரம் பெரும்பாலும் அமைதி காத்தது என்பதும் மதிக்கத்தக்க உண்மை.

ஆனால் ஃபிலிப் ஸெமிஷ் 2017இல் அதே தொடரைத் தம் நூலின் தலைப்பாக வைத்துக்கொண்டு காட்டியது போல, அந்தச் சிறு இந்தியாவுக்குள் பெரிய இந்தியாவின் படிநிலைகளும் உள்ளன. எவர் எப்போது, எவரால் அழைத்துவரப்பட்டார் என்பதே அங்கு ஒருவரின் தகுதி. 1942க்கு முந்தைய குடிகள், மாப்பிளைகள், பந்துக்கள், கரேன்கள், கிழக்குப் பாகிசுத்தானிலிருந்து 1949 முதல் குடியமர்த்தப்பட்ட வங்காளிகள் ஆகியோர் பிற பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். காடுவெட்டவும் சாலையிடவும் சோட்டா நாகபுரியிலிருந்து 1918 முதல் கூட்டிவரப்பட்ட ஒராவோன், முண்டா, காரியா மக்கள் ‘ராஞ்சிகள்’ என்ற ஒற்றைப் பெயரில் அடைக்கப்பட்டனர். தாயகத்தில் பழங்குடியாயிருந்தும் தீவில் அவர்கள் பழங்குடி ஆகவில்லை. தமிழரும் தெலுங்கரும் பெரும்பாலும் அரசுத் திட்டங்களுக்கு வெளியே, தாமாகவோ ஒப்பந்தக்காரர் வழியாகவோ வந்தவர்கள். எனவே அவர்கள் ‘செட்லர்’ என்னும் சொல்லுக்குள் வருவதில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்தும் பலர் குடியிருக்கும் மண் ஆவணத்தில் ஆக்கிரமிப்பு என்றே இருக்கிறது.

தமிழர் கதை இவ்விடத்தில் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. தமிழ்நாட்டுப் பொதுநினைவில் அந்தமான் என்றால் 1952இல் வந்த ‘அந்தமான் கைதி’, 1978இல் வந்த ‘அந்தமான் காதலி’, 1996இல் வந்த ‘சிறைச்சாலை’. கைதி, காதல், மீண்டும் கைதி. கட்டடத்துக்குச் சித்தாளாகவும் துறைமுகத்துக்குச் சுமைதூக்கியாகவும் தென் மாவட்டங்களிலிருந்து சென்னையில் கப்பலேறி மூன்று நாள் கடல் கடந்தவர்களின் வரலாறு எத்திரையிலும் இல்லை. ஆய்வேடுகளிலும் அருகியே இருக்கிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்களுள் சில, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. தேயிலையிலிருந்து ரப்பருக்கு, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடும் உயிரிழப்பைக் கண்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று. மலையகத் தமிழரைப் பற்றி நூலகம் நிறைய எழுதியிருக்கும் தமிழுலகம், அவர்களின் ஒரு கிளை நக்கவாரத்தில் நின்றதைக் கவனிக்கவில்லை. மாநக்கவாரம் என்றதும் கண் ஒளிரும் அறிஞர்களுக்குக்கூட அங்கே பால்வெட்டிய தமிழர் நினைவுக்கு வருவதில்லை.

நகரத் தமிழரின் மொழிநிலை இன்னும் நுட்பமான வினா. 2001இல் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஒன்றியப் பகுதியில் 17.7 சதவீதம், எண்ணிக்கையில் ஏறத்தாழ 63 ஆயிரம். 2011இல் 15.2 சதவீதம், ஏறத்தாழ 58 ஆயிரம். மொத்த மக்கள்தொகை பெருகிய பத்தாண்டில் தமிழ் குறைந்திருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் ஊர் திரும்பியோர் உண்டு. பிள்ளைகளின் மொழியை இந்தி என்று எழுதக் கொடுத்தோரும் உண்டு. வீட்டில் பாட்டியிடம் தமிழ், வாசலில் நண்பரிடம் இந்துஸ்தானி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு எது தாய்மொழி என்பதைப் படிவத்தின் ஒற்றைக் கட்டம் தாங்காது. அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகள் உள்ளன. அந்தமான் தமிழர் சங்கம் இருக்கிறது. வெற்றிமலை முருகன் கோவிலில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கையில் பிறமொழியினரும் கூடுகின்றனர். விழாவில் உயிர்த்திருக்கும் மொழியும் வேலைக்கு விண்ணப்பிக்கையில் உதவும் மொழியும் ஒன்றாக இல்லாதபோது என்ன நிகழும் என்பதைச் சிங்கப்பூரையும் மொரீசியசையும் கண்ட தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழுலகில் இதற்கான வழக்கமான மறுமொழி ஒன்றுண்டு: இந்தி ஆதிக்கம். அந்தமானைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. பள்ளிப் பாடநூலிலும் அலுவலக ஆணையிலும் வருவது தில்லியின் இந்தி. தெருவில் தமிழ்ப்பிள்ளை பேசுவது அந்த இந்தியன்று. அது தமிழ்க்கைதியும் சேர்ந்து உருவாக்கிய மொழி. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் பிழையைத் தில்லியும் செய்கிறது, தில்லியை எதிர்ப்போரும் செய்கின்றனர். கணக்கெடுப்பு ‘இந்தி’ என்ற குடையின்கீழ் போச்புரி, ராஜஸ்தானி, சத்தீசுகடி உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகளைத் தொகுக்கிறது. அவற்றுக்காவது தனிவரி உண்டு. அந்தமான் இந்துஸ்தானிக்கு அதுவும் இல்லை. மேலும், பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளின் பெயர்களை 1971 முதல் கணக்கெடுப்பு வெளியிடுவதில்லை. ஒரே நகரத்தின் முதல் மொழியினுடைய எஞ்சிய உறவுகள் சிறுமையினால் பட்டியலில் மறைகின்றன; இரண்டாம் மொழி பெரியதொரு பெயருக்குள் மறைகிறது.

ஃபிஜியின் எடுத்துக்காட்டு இங்கு உதவும். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற வடவரும் தென்னவரும் கரும்புத் தோட்டங்களில் உருவாக்கிய ஃபிஜி இந்தியும் இத்தகைய கொய்னேதான். அங்கும் நெடுங்காலம் அது உடைந்த மொழி என்று பழிக்கப்பட்டது. ஜெஃப் சீகல் 1987இல் அதன் சமூகமொழியியல் வரலாற்றை எழுதினார். 2001இல் சுப்பிரமணி அம்மொழியிலேயே ‘டவுகா புராண்’ என்னும் பெருநாவலை வெளியிட்டார். மொரீசியசில் அடிமைகளின் நாவில் பிறந்த கிரியோல் 2012இல் தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமாயிற்று. அந்தமான் இந்துஸ்தானிக்கு இதுபோன்ற முழுமையான சமூகமொழியியல் வரலாறும் இல்லை, பாடநூலும் இல்லை. வரலாற்றாசிரியர்கள் தம் கடமையை ஓரளவு செய்துவிட்டனர். சதத்ரு சென், கிளேர் ஆண்டர்சன், அபர்ணா வைதிக், விஷ்வஜித் பாண்டியா, மதுமிதா மஜும்தார் என்று நீளும் வரிசை அதற்குச் சான்று. பின்தங்கியிருப்பது மொழியியல்; அதிலும் குறிப்பாகத் தமிழ்நாட்டு மொழியியல் துறைகள். கிளைமொழியாய்வு என்றால் கொங்குத்தமிழ், நாஞ்சில்தமிழ், யாழ்ப்பாணத்தமிழ் என்று நிற்கும் பட்டியலில் போர்ட் பிளேர்த் தமிழுக்கு ஏன் இடமில்லை? சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணிநேரத்துக்குள் எட்டும் ஊர் அது. தமிழும் இந்துஸ்தானியும் தெலுங்கும் வங்காளியும் மூன்று தலைமுறையாக உரசிக்கொள்ளும் களம் வேறெங்கும் இவ்வளவு அடர்த்தியாகக் கிடைப்பது அரிது. சோழர் கப்பல் வந்ததா என்று ஆராய நிதி கேட்போர், அதில் ஒரு சிறு பங்கை ஒரு ஒலிப்பதிவுக் கருவிக்கும் ஓராண்டுத் தங்கலுக்கும் கேட்கலாம்.

காலம் குறைவாக இருக்கிறது என்பதற்குத் தெற்கிலிருந்து ஒரு காரணமும் வருகிறது. பெரிய நிக்கோபாரில் பெருந்துறைமுகம், விமான நிலையம், மின்னிலையம், நகரியம் ஆகியவற்றுக்கான திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்காக ஒதுக்கப்படுகிறது. அத்தீவின் உட்பகுதியில் வாழும் ஷோம்பென் மக்கள் சில நூறு பேர். புதிய நகரில் பல இலட்சம் பேர் குடியேறுவர் என்று திட்டம் மதிப்பிடுகிறது. இத்தகைய விகிதத்தில் ஒரு துறைமுகமும் ஒரு மக்களும் சந்தித்தபோது நிகழ்ந்தவற்றின் முழுக்கணக்கு, 37, 10, 1 என்று மேலே எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ மேற்கோள் நாளாகக் கொண்டு நடைபெற இருக்கிறது. தாய்மொழி என்பதற்குக் கணக்கெடுப்பு தரும் விளக்கம், குழந்தைப் பருவத்தில் தாய் ஒருவரிடம் பேசிய மொழி என்பது. ஜங்லிகாட்டிலோ சாதிப்பூரிலோ ஒரு வீட்டு வாசலில் அந்தக் கேள்வி கேட்கப்படும். தாயின் தாய் சென்னை மாகாணத்திலிருந்து வந்த பெண் கைதி, தாயின் தந்தை பஞ்சாபி, தாய் பேசியதோ இவ்விரண்டுமல்லாத நகரப்பேச்சு. பதில் சொல்பவர் சற்றுத் தயங்குவார். கணக்கெடுப்பாளர் காத்திராமல் ‘இந்தி’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குச் செல்வார்.